பாலைக்கு நண்பகல்: வறண்ட மலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் முன்

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் பாதிக்குப் பாதிதான் தேறும். நெல்லைச் சீமையில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் சாஸ்தா. அன்றைக்கு எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். சில கோயில்கள் குளக்கரையில் இருக்கும். சில தேரிக்காட்டுக்குள் இருக்கும். சில மொட்டைப் பாறை மலைக்கு மேலே இருக்கும். திரும்பி வரும் பிள்ளைகள் கதை கதையாய்ச் சொல்வார்கள். பாறையில் கால் வைக்க முடியவில்லையாம். கொண்டுபோன தண்ணீர் பொங்கலுக்கே சரியாகிவிட்டதாம். மாமா மயங்கி விழுந்துவிட்டாராம். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

நானும் பல ஆண்டுகள் அவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை.

பத்தாண்டுகளுக்கு முன் நடந்தது. தேசிய பசுமைப் படை மாணவர்கள் 24 பேரை, ஊருக்கு வெளியே உள்ள ஒரு பாறைக் குன்றுக்கு நானும் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரும் அழைத்துச் சென்றோம். உயரம் அதிகமில்லை. உச்சியில் ஒரு சிறு கோயில். காலை 7 மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். இருவர் வரத் தாமதம், சுண்டல் வந்து சேரத் தாமதம் என்று 9 மணியாகிவிட்டது. ‘அதனால் என்ன, சின்னக் குன்றுதானே’ என்று நினைத்தேன். உச்சிக்குப் போய்ச் சேரும்போது 11 மணி. ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்திருந்தார்கள். பெரும்பாலானவை அங்கேயே காலி.

இறங்கும்போது வரிசையின் கடைசியில் வந்த ஒரு மாணவன் பாறையில் உட்கார்ந்துவிட்டான். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது. முகம் வெளுத்திருந்தது. “என்னப்பா செய்யுது?” என்று கேட்டதற்கு, வீட்டுப்பாடம் எழுதிவிட்டதாகச் சொன்னான். இரண்டாம் முறை கேட்டபோது பதிலே இல்லை. எங்கள் இருவர் புட்டியிலும் சேர்த்து இரண்டு மடக்குத் தண்ணீர்தான் இருந்தது.

நல்ல வேளையாக, கீழே ஒரு பாறை நிழலில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கள் கூச்சலைக் கேட்டு மேலே வந்தார். பையனைத் தூக்கி நிழலில் கிடத்தினார். தம் தூக்குவாளித் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, இன்னொரு துண்டால் விசிறச் சொன்னார். அவன் வாயில் தண்ணீர் ஊற்றப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். “தெளியட்டும், பொறவு குடிக்கலாம்” என்றார். கால் மணி நேரத்தில் அவன் கண்ணைத் திறந்து எங்களை அடையாளம் கண்டுகொண்டான். அதன் பிறகுதான் உப்புப் போட்ட நீச்சத்தண்ணியை மடக்கு மடக்காகக் கொடுத்தார். ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். மாலையில் வீடு திரும்பிவிட்டான்.

அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார். “என்ன டீச்சரம்மா, உச்சிப் பொழுதுல பிள்ளையள பாறைக்குக் கூட்டியாந்திருக்கிய? ஆடுகூட நெழலுக்கு வந்துட்டு.”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு நான் படித்ததையும் கேட்டதையும், மாணவர்களோடு நடந்து கற்றதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஆசிரியர்களாகிய நாம் களப்பயணம் அழைத்துச் செல்கிறோம் என்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நாம் அழைத்துச் செல்லாவிட்டாலும் நம் பிள்ளைகள் இந்த மலைகளுக்குப் போகத்தான் போகிறார்கள்.

நம் ஊரில் பாலை எங்கே?

மலையேற்றப் பாதுகாப்பு பற்றிய உலக நூல்கள் பாலைவன மலைகளைத் தனியாகப் பேசுகின்றன. வெயில், நீரின்மை, திடீர் வெள்ளம், உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை அவற்றின் ஆபத்துகள். ‘நமக்கும் பாலைவனத்துக்கும் என்ன தொடர்பு, நம்மிடம் வற்றாத தாமிரபரணி இருக்கிறதே’ என்று தோன்றலாம்.

எங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் அந்தக் குன்றின் கதையைச் சொன்னபோது அவர் ஐந்திணையை நினைவூட்டினார். தமிழில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு கெட்டு வறண்டால் பாலை என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொல்கிறார். பாலைக்குப் பெரும்பொழுது இளவேனில், முதுவேனில், பின்பனி. சிறுபொழுது நண்பகல், அதாவது காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. இதை நாமே வகுப்பில் அட்டவணை போட்டு நடத்துகிறோம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடமும் செய்ய வைக்கிறோம்.

அந்த அட்டவணையை மலையடிவாரத்தில் நின்று படித்தால் அது ஒரு பாதுகாப்பு விதியாகிவிடுகிறது. ஒரே குன்று கார்த்திகை மாதக் காலையில் முல்லை. பங்குனி மாத நண்பகலில் பாலை. இடம் மாறவில்லை, பொழுதுதான் மாறியிருக்கிறது. நான் செய்த தவறும் அதுதான். எந்த மலை என்று யோசித்தேன், எந்தப் பொழுது என்று யோசிக்கவில்லை.

மழை மறைவும் மலை உயரமும்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. அங்கே அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மோதி மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைக் கடந்து நம் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்ட காற்றாகிவிடுகிறது. இதுதான் நாம் நடத்தும் ‘மழை மறைவுப் பகுதி’. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, கிழக்கே சமவெளியில் மண்ணை வாரி இறைக்கும் காய்ந்த காற்றுதான் வீசும். ஆற்றை ஒட்டி வயலும் வாழையுமாக இருக்கும். சில கிலோமீட்டர் தள்ளினால் உடைமரமும் கள்ளியும் பாறையும்தான். வல்லநாட்டு மலையே சாட்சி. அருகில் தாமிரபரணி ஓடுகிறது. மலையோ வெளிமான்கள் வாழும் வறண்ட முட்புதர்க் காடு.

மாணவர்களிடம் (நம்மிடமும்தான்) ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மலை என்றால் குளிர்ச்சி என்று நினைக்கிறோம். மாஞ்சோலைக்குப் போய்வந்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் மாஞ்சோலை 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உயரே போகப் போக வெப்பம் 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று 9ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 200 மீட்டர் குன்றின் உச்சியில் எவ்வளவு குறையும்? 1.3 டிகிரி மட்டுமே. பாளையங்கோட்டையில் 39 டிகிரி என்றால் குன்றின் மேல் 37.7. அதோடு பாறையின் சூடும் சேரும். கோடை நண்பகலில் வெயில்படும் பாறையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். மேலே சூரியன், கீழே அடுப்பு, நடுவில் குழந்தை.

காய்ந்த காற்று இன்னொரு ஏமாற்று வேலையும் செய்கிறது. வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால் சட்டை நனைவதே இல்லை. ‘எனக்கு வியர்க்கவே இல்லை சார்’ என்று பையன் சொல்வான். உண்மையில் அவன் உடலிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும்.

புறப்படும் நேரம், திரும்பும் நேரம்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கோடையில் நடப்பவர்களுக்கு அங்குள்ள பூங்காக் காவலர்கள் தரும் முதல் அறிவுரை, காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கின் உள்ளே நடக்காதீர்கள் என்பதே. நம் நண்பகலும் 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. எனவே நான் பின்பற்றும் விதி: 10 மணிக்கு எல்லா மாணவர்களும் அடிவாரத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

நடை நேரத்தைக் கணிக்க 1892ஆம் ஆண்டில் நேய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய வழி சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 2 கிலோமீட்டர் தூரமும் 200 மீட்டர் ஏற்றமும் உள்ள குன்றுக்கு 24 நிமிடம், கூட்டல் 20 நிமிடம், ஆக 44 நிமிடம். இது பழகிய பெரியவர்களின் வேகம். வேடிக்கை பார்த்து, செருப்பு வார் அறுந்து, தண்ணீர் குடிக்க நின்று நடக்கும் வகுப்புக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஏற ஒன்றரை மணி நேரம், உச்சியில் அரை மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம். 10 மணிக்குக் கீழே இருக்க வேண்டுமானால் 6.30க்கு நடக்கத் தொடங்க வேண்டும்.

இதில் முக்கியமானது 8 மணி. 8 மணிக்கு உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும், அரை மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். இதை அடிவாரத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். மேலே போன பிறகு ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்ற குரல்தான் ஓங்கி ஒலிக்கும். நம் மனத்திலும் அதே குரல்தான் கேட்கும். புறப்படத் தாமதமாகிவிட்டால் தூரத்தைக் குறைக்க வேண்டும். திரும்பும் நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அன்று 9 மணிக்குப் புறப்பட்ட நான், அடிவாரத்து ஆலமரத்தடியிலேயே பறவைகளைக் கணக்கெடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

வெயிலில் மலையேறும் பெரியவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வை வெளியேறலாம். இளங்காலையில் நடக்கும் மாணவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றரை மணி நேர நடைக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கையிருப்புடன் சேர்த்து ஆளுக்கு இரண்டரை லிட்டர். 24 மாணவர்களுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ எடை. இதை யார் சுமப்பது? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

பங்கிடும் முறை: ஏறுவதற்கு ஒரு பங்கு, இறங்குவதற்கு ஒரு பங்கு, யாருக்காவது முடியாமல் போனால் என்று ஒரு பங்கு. ஏறும்போதே மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிட்டால் அங்கேயே திரும்ப வேண்டும். மேலே சுனை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. அது ஐப்பசியில் நிறைந்திருக்கும், பங்குனியில் பாசி படிந்த குழியாக இருக்கும்.

தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் மிக அதிகமாகக் குடித்தாலும் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்தாகும். உப்புப் போட்ட மோர், நீச்சத்தண்ணி, கடலை மிட்டாய் எல்லாம் நல்லவை. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் முதலுதவிப் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். பொட்டலத்தில் போட்டுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

நடக்கத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: “காலையில் சாப்பிட்டது யார் யார்?” கை தூக்காதவர்களை அழைத்துத் தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் இல்லாதவர்களும் தூக்கிவிடுவார்கள். இப்போதெல்லாம் நான் ஒரு பை நிறைய வாழைப்பழம் கொண்டுபோகிறேன். ஏறும் முன் அனைவரும் ஒன்று தின்றாக வேண்டும்.

வெப்பம் தாக்கினால்

இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது வெப்பச் சோர்வு. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கால் பிடிப்பு, முகம் வெளுத்தல். மாணவர் தெளிவாகப் பேசுவார். நிழலில் உட்காரவைத்து, காலணியைக் கழற்றி, உடலை நனைத்து, உப்பு கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் தேறிவிடுவார். அன்றைய நடை அவருக்கு அத்துடன் முடிந்தது.

இரண்டாவது வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைப் பாதிக்கும் நிலை. அடையாளம் பேச்சில் தெரியும். மாற்றிப் பேசுவார், தள்ளாடுவார், எரிச்சலாக நடந்துகொள்வார், மயங்குவார், வலிப்பு வரலாம். வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேச்சு மாறினால் அது உயிருக்கு ஆபத்து. 108ஐ அழையுங்கள். ஆனால் வண்டி வரும் வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழல், நீர், விசிறி மூன்றும் வேண்டும். இருக்கும் தண்ணீரையெல்லாம் உடலில் ஊற்றலாம். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்த ஆட்டுக்காரப் பெரியவர் செய்தவை அனைத்தும் மருத்துவ முறைப்படி சரியானவை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

தீ, வெள்ளம், பாம்பு, தேனீ

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்றிருந்த 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நாள் தமிழ் நாட்காட்டியில் மாசி மாதக் கடைசி. அதாவது பின்பனி, பாலைக்குரிய பொழுது. மழை நின்று மாதங்களாகி, ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும் காலம். தீயைப் பற்றி மாணவர்கள் அறிய வேண்டியது இது: சரிவில் தீ மேல்நோக்கி வேகமாகப் பாயும், ஏனெனில் அதன் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. எனவே புகையைக் கண்டால் மேலே ஓடக் கூடாது. குறுகிய ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது. அது புகைபோக்கி போலத் தீயை இழுக்கும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத அகன்ற பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து அணைந்த இடத்துக்கோ போக வேண்டும். நைலான் போன்ற உடைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தி ஆடையே நல்லது. எல்லாவற்றையும்விட, காய்ந்த புல் நிற்கும் காலத்தில் அந்தப் பக்கமே போகாதிருப்பதுதான் பாதுகாப்பு.

வறண்ட மலையில் வெள்ளம் வரும் என்றால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மழை மேலே மலையில் பெய்தால் போதும். நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழ வேண்டியதில்லை. பாறையும் காய்ந்து இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சுவதில்லை. விழுந்த மழை அப்படியே ஓடைக்கு வந்துவிடும். ஆகவே காய்ந்த ஓடையில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஓய்வெடுப்பது கூடாது. நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ பொருள்களை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

பாறை இடுக்குகளில் சுருட்டை விரியன் இருக்கும். சிறியதுதான், ஆனால் நஞ்சு மிகுந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையும் காலையும் வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் தவறு. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கி, நச்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.

செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். கல்லெறிதல், புகை, கூச்சல், நறுமணத் தைலம் ஆகியவை அவற்றைக் கிளப்பிவிடும். கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும். ஆனால் பாறை விளிம்பை நோக்கி ஓடக் கூடாது. அதனால்தான் கூடு இருக்கும் பாறையின் பக்கமே வரிசையைக் கொண்டுபோகக் கூடாது.

அனுமதியும் தகவலும்

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்தது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் போன்ற வனப்பகுதிகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி யாரையும் அழைத்துச் செல்லக் கூடாது. வனப்பகுதியல்லாத குன்றாக இருந்தாலும் தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் படிவத்திலேயே வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய், ஒவ்வாமை பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அதோடு ஒரு தாள். எங்கே போகிறோம், எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும். இதை எழுதித் தலைமையாசிரியரிடம் ஒன்றும், அடிவாரத்தில் உள்ள கடைக்காரர் அல்லது வீட்டுக்காரரிடம் ஒன்றும் கொடுக்க வேண்டும். மலை மறைவில் கைப்பேசிக் கோபுரத் தொடர்பு கிடைக்காது. தாள் மட்டும் பேசும். நம் இணைப்புக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112க்கு அழைப்பு போகக்கூடும், முயன்று பார்க்கலாம்.

நடக்கும்போது மெதுவாக நடப்பவர் முன்னால். வேகமானவர்கள் அவரை முந்தக் கூடாது. ஓர் ஆசிரியர் முதலிலும் ஓர் ஆசிரியர் கடைசியிலும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணிக்கை. ஆளுக்கொரு விசில். பிரிந்துவிட்டால் நடக்காதே, நிழலில் நில், மூன்று முறை ஊது. அமெரிக்காவில் சிறு குழந்தைகளுக்கு இதையே ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்று சொல்லித் தருகிறார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைத் திருவிழாக் கூட்டத்துக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

மலைக்குப் போகாமலேயே பள்ளி வளாகத்தில் இவற்றைச் செய்யலாம். ஒன்று, காலை 8 மணி, 10 மணி, 12 மணிக்கு மர நிழல், மண் தரை, கல் தரை மூன்றிலும் வெப்பமானி வைத்து அளந்து வரைபடம் வரைதல். ஆய்வக வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். இரண்டு, ஒரே அளவு ஈரத்துணி இரண்டை நிழலிலும் வெயில் காற்றிலும் உலர்த்தி நேரம் பார்த்தல். வியர்வை ஏன் தெரிவதில்லை என்பது புரிந்துவிடும். மூன்று, தம் குலதெய்வக் கோயிலுக்கான நடைத் திட்டம் எழுதுதல்: புறப்படும் நேரம், திரும்பும் நேரம், தண்ணீரின் அளவு. இந்த மூன்றாவதை மாசி மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதை வீட்டில் காட்டுவார்கள். வீட்டில் அதன்படி நடக்கவும் செய்வார்கள்.

சென்ற ஆண்டு ஜனவரியில் அதே குன்றுக்கு 9ஆம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றேன். பனி விலகத் தாமதமாகி நடை மெதுவாகிவிட்டது. 8 மணி ஆனபோது கோயில் கண்ணுக்குத் தெரிந்தது, பத்து நிமிட ஏற்றம்தான். நான் திரும்பச் சொல்லும் முன்பே வரிசையின் முன்னால் நின்ற மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்து, “டீச்சர், 8 மணி ஆயிட்டு” என்றாள். சிலர் முணுமுணுத்தார்கள். அங்கேயே உட்கார்ந்து தாமிரபரணி வளைந்து போவதைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் இறங்கத் தொடங்கினோம். 10 மணிக்கு முன்பே எல்லோரும் ஆலமரத்தடியில் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது.

அன்று பாறையில் உட்கார்ந்துவிட்ட மாணவனை அண்மையில் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இப்போது வேலைக்குப் போகிறான். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்ததாகச் சொன்னான். “எத்தனை மணிக்குப்பா ஏறினீங்க?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: “அஞ்சரைக்கு டீச்சர். ஒம்பது மணிக்கெல்லாம் கீழ வந்து பொங்கல் வச்சிட்டோம்.”